சென்னை ஊருக்குள்ள ஆறு வீடு, எட்டு வீடு அபார்ட்மென்ட்ல ஃப்ளாட் வாங்கறவங்களுக்கு: எங்கேர்ந்து ஆரம்பிக்கணும், எதை எதை பாக்கணும்

எங்க தெரு மந்தைவெளில இருக்கு. நான் ஸ்கூல் போன காலத்துல ரெண்டு பக்கமும் தனி வீடுதான், மெட்ராஸ் டெரஸ், முன்னாடி ஒரு பவழமல்லி, பின்னாடி கிணறு, அவ்ளோதான். இப்ப தனி வீடு மூணே மூணு பாக்கி. மிச்சம் எல்லாம் ஸ்டில்ட் பிளஸ் 3 (கீழ தூண் மட்டும் வச்சு கார் நிறுத்தற இடம், மேல மூணு மாடி), ஸ்டில்ட் பிளஸ் 4, புதுசா வர்றது ஸ்டில்ட் பிளஸ் 5. எங்க வீட்டையும் ஜேவி-க்கு, அதாவது பில்டரோட கூட்டு சேந்து கட்டறதுக்கு, குடுத்து இடிச்சுக் கட்டினதுதான், அப்புறம் என் தங்கச்சிக்கு மேற்கு மாம்பலத்துல ஒரு ஃப்ளாட் தேடி ஆறு மாசம் நாய் படாத பாடு பட்டோம். அதனால மனை குடுக்கறவன் பக்கமும் தெரியும், காசு குடுக்கறவன் பக்கமும் தெரியும். ஆபீஸ்ல வர்ற பசங்க "அண்ணா, ஓஎம்ஆர் வேணாம், ஊருக்குள்ளயே பாக்கறோம், எங்கேர்ந்து ஆரம்பிக்கறது"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதிட்டேன்.

முதல்ல நீங்க எந்த மாதிரி பில்டிங்குக்குள்ள போறீங்கன்னு தெரிஞ்சுக்கங்க

சென்னைல மனைய கிரவுண்டு கணக்குல பேசுவாங்க, ஒரு கிரவுண்டுன்னா 2400 சதுர அடி. மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகர், மாம்பலம், ராயப்பேட்டை பக்கம் பழைய வீடுங்க பெரும்பாலும் ஒரு கிரவுண்டு, ஒண்ணரை, ரெண்டு, அவ்ளோதான். இந்த அளவு மனைலதான் உங்க ஃப்ளாட் வரப்போகுது.

ரேரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016ல வந்துச்சு, பில்டர் பதிவு பண்ணணும், வாங்கற காசுல 70 சதவீதம் தனி அக்கவுண்ட்ல போடணும், எழுதிப் பதிவு பண்ணின அக்ரிமென்ட் இல்லாம 10 சதவீதத்துக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாது, அஞ்சு வருஷத்துக்கு கட்டடத்துல குறை வந்தா அவரே சரி பண்ணித் தரணும்னு எல்லாம் இருக்கு, நல்ல சட்டம். ஆனா மனை 500 சதுர மீட்டருக்கு மிகாம இருந்தாலோ, இல்ல வீடு எட்டுக்கு மிகாம இருந்தாலோ ரேரால பதிவு பண்ண வேண்டிய அவசியமே இல்ல. 500 சதுர மீட்டர்னா சுமார் 5380 சதுர அடி, அதாவது ரெண்டே கால் கிரவுண்டு. புரியுதா? ஊருக்குள்ள கட்டற சின்ன அபார்ட்மென்ட்ல முக்காவாசி இந்த வலைக்கு வெளியதான் இருக்கு.

அதோட நிக்கல. 14 மீட்டர் உயரத்துக்குள்ள, எட்டு வீட்டுக்கும் 750 சதுர மீட்டருக்கும் மிகாத குடியிருப்புக்கு கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வேண்டாம்னு 2024ல விதிய தளர்த்திட்டாங்க. கரண்ட் கனெக்‌ஷனுக்கு அலைய வேண்டாம்னு ஜனங்களுக்கு அது வசதிதான், நான் குறை சொல்லல. ஆனா வாங்கற ஆள் கோணத்துல பாத்தீங்கன்னா, பிளான்படிதான் கட்டிருக்கான்னு கடைசில ஒரு ஆபீசர் வந்து பாத்து கையெழுத்து போடற அந்த ஒரு கட்டமும் போச்சு. பெரிய டவர்ல பத்து பேர் பாக்கற வேலைய இங்க நீங்க ஒருத்தரே பாக்கணும். அதனால பில்டர்கிட்ட கேக்கற முதல் கேள்வி விலை இல்ல. "மனை எத்தனை கிரவுண்டு, மொத்தம் எத்தனை வீடு, ரேரா நம்பர் இருக்கா?" ஒன்பது வீடு, மூணு கிரவுண்டுன்னு சொல்லிட்டு "ரேரா எல்லாம் இதுக்குத் தேவையில்ல சார்"னு சொன்னா அப்படியே எழுந்து வந்துடுங்க. நம்பர் குடுத்தா தமிழ்நாடு ரேரா சைட்ல போய் நீங்களே அடிச்சுப் பாருங்க, போர்டுல பெயிண்ட் அடிச்சிருக்கறத நம்பாதீங்க.

மனை யாருது

இதுலதான் நேரம் செலவழிக்கணும், டைல்ஸ் பாக்கறதுல இல்ல.

புது லேஅவுட்ல மனை கதை சின்னது. ஊருக்குள்ள அப்படி இல்ல, தாத்தா 1950கள்ல வாங்கியிருப்பார், அவருக்கு நாலு பசங்க, ரெண்டு பொண்ணு, அதுல ஒருத்தர் கல்யாணம் ஆகாம போயிட்டார், ஒருத்தர் அமெரிக்கா, ஒருத்தர்கூட பேச்சு வார்த்தை இல்ல. இத்தனை பேரும் கையெழுத்து போட்டிருக்கணும். குறிப்பா பொண்ணுங்க. "அவங்களுக்கு கல்யாணத்தப்பவே செஞ்சாச்சு"ன்னு பெரியவங்க சொல்வாங்க, அது வீட்டுக்குள்ள பேச்சு, கோர்ட்ல நிக்காது. தமிழ்நாட்டுல 1989லயே, அப்ப கல்யாணம் ஆகாம இருந்த பொண்ணுங்களுக்கு பூர்வீக சொத்துல சம பங்குன்னு திருத்தம் வந்துடுச்சு, 2005ல நாடு முழுக்க, கல்யாணம் ஆனவங்களுக்கும் சேத்து வந்துச்சு. ஒரு அத்தை கையெழுத்து போடலன்னா பத்து வருஷம் கழிச்சு அந்த அத்தை பையன் கேஸ் போடுவான், உங்க பேரையும் சேத்துதான் போடுவான்.

வாங்கி வைக்க வேண்டியது: மூலப் பத்திரம், அதுலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் கை மாறின எல்லா பத்திரமும், வாரிசு சர்டிபிகேட், இறப்பு சர்டிபிகேட், வில்லங்க சர்டிபிகேட், பட்டா. சென்னை சிட்டிக்குள்ள பட்டாவோட நகர நில அளவைப் பதிவேட்டு நகலையும் கேளுங்க, அதுல பிளாக் நம்பர், சர்வே நம்பர், பரப்பளவு இருக்கும், பத்திரத்துல இருக்கற அளவும் இதுவும் ஒத்துப் போகணும். பழைய பத்திரத்துல "ஒரு கிரவுண்டு 112 சதுர அடி"ன்னு இருக்கும், அளந்தா 2390 வரும், ஏன்னா ரோடு அகலப்படுத்தினப்ப கொஞ்சம் போயிருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் சுவரக் கொஞ்சம் தள்ளிக் கட்டிருப்பார். எது குறைவோ அதுதான் உங்க கணக்குக்கு.

வில்லங்கம் ஆன்லைன்ல பெரும்பாலும் 1975லேர்ந்து கிடைக்கும், பதிவுத்துறை சைட்லயே. சைட்ல இல்லாத காலத்துக்கு வேணும்னா சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல மனு போட்டு எடுக்கணும். எடுங்க. பில்டர் குடுக்கற ஜெராக்ஸ் வேண்டாம், நீங்களே போடுங்க, பெரிய செலவெல்லாம் இல்ல.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் பாக்கறவங்களுக்கு தனியா ஒண்ணு. அங்க நிறைய வீடு கோயில் மனைல நிக்குது. கட்டடம் மட்டும்தான் வீட்டுக்காரருது, நிலம் கோயிலுது, வாடகை கட்டிக்கிட்டு தலைமுறையா இருப்பாங்க. அதுல ஃப்ளாட் கட்டி நிலத்துல உங்களுக்கு பங்கு எழுதிக் குடுக்க அவங்களால முடியாது. புரோக்கர் இதை முதல்ல சொல்ல மாட்டார், "டாக்குமென்ட் எல்லாம் கிளியர் சார்"னு மட்டும் சொல்வார். அறநிலையத்துறை சம்பந்தம் எதுவும் இல்லன்னு வக்கீல் எழுத்துல தரணும்.

வக்கீல்னு சொன்னதும், பில்டரோட வக்கீல் குடுத்த லீகல் ஒப்பீனியன் உங்களுக்கு கிடையாது, அது பில்டருக்கு. உங்களுக்குன்னு ஒருத்தரப் புடிங்க. பேங்க் லோன் போனா அவங்க பேனல் வக்கீலும் பாப்பார், அது நல்ல சல்லடைதான், ஆனா அவர் பாக்கறது பேங்க் குடுக்கற காசு திரும்ப வருமான்னுதான்.

ஜேவி பத்திரமும் பவரும்

ஊருக்குள்ள மனைய பில்டர் முழு காசு குடுத்து வாங்கறது ரொம்பக் கம்மி, கட்டுப்படியாகாது. மனைக்காரரும் பில்டரும் சேந்து பண்றதுதான் வழக்கம். கட்டற செலவு எல்லாம் பில்டருது, கட்டினதுல இத்தனை வீடு மனைக்காரருக்கு, இத்தனை வீடு பில்டருக்கு. மனை விலை ஏற ஏற மனைக்காரர் பங்கு ஏறும். கையில கொஞ்சம் அட்வான்ஸ், கட்டி முடிக்கற வரைக்கும் வெளிய இருக்க வாடகை, இதெல்லாம் பேசிப்பாங்க. அப்புறம் பில்டர் பங்குக்கு வர்ற நிலத்த விக்கறதுக்கு மனைக்காரர் அவருக்கு பவர், அதாவது தன் சார்பா கையெழுத்து போடற அதிகாரம், எழுதிக் குடுப்பார்.

நீங்க பாக்கற ஃப்ளாட் மனைக்காரர் பங்கா, பில்டர் பங்கான்னு கேட்டுக்கங்க. ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. பில்டர் பங்குன்னா பவர் வச்சு அவரே எழுதிக் குடுப்பார், அந்தப் பவர் பதிவு பண்ணினதா, எந்தெந்த ஃப்ளாட்டுக்கு, எத்தனை சதுர அடி நிலத்துக்குன்னு ஜேவி பத்திரத்தோட வச்சுப் பாருங்க. மனைக்காரர் பங்குன்னா அவரே கையெழுத்து போடணும், பில்டர் வெறும் கட்டிக் குடுக்கறவர், நாளைக்கு ஒழுகுதுன்னு போனா "நான் உங்களுக்கு விக்கலையே"ன்னு சொல்ல வாய்ப்பிருக்கு, அதனால பில்டரையும் ஒரு பார்ட்டியா சேத்துக்கங்க.

இன்னொண்ணு யாரும் யோசிக்கறதில்ல. மனைக்காரங்க பெரும்பாலும் எழுபது, எண்பது வயசு. பவர் குடுத்தவர் இறந்துட்டா பவர் சாதாரணமா செல்லாது. எங்க வீட்டு வேலை பாதில நின்னது இதனாலதான், எங்க பெரியப்பா தவறிட்டார், மறுபடி அவர் வாரிசு எல்லாரையும் கூட்டி வாரிசு சர்டிபிகேட் எடுத்து புதுசா பவர் எழுதற வரைக்கும் ரெண்டாவது மாடி கம்பி நீட்டிக்கிட்டு மழைல துருப்புடிச்சு நின்னுது, நாலரை மாசம். அதனால பத்திரம் பதியற அன்னைக்கு பவர் குடுத்தவங்க உயிரோட இருக்காங்கங்கற சான்று வேணும், கூச்சப்படாம கேளுங்க, வழக்கமா வைக்கறதுதான். வெளிநாட்டுலேர்ந்து வந்த பவர்னா அது இந்தியா வந்து மூணு மாசத்துக்குள்ள முத்திரை கட்டணம் கட்டினதான்னு பாருங்க.

யூடிஎஸ், அதாவது நிலத்துல உங்க பங்கு

இதுக்கு ஒரு கால்குலேட்டர் எடுத்துக்கங்க.

கட்டடம் நாப்பது, அம்பது வருஷத்துல பழசாகும், இடிப்பாங்க. நிலம் அப்படியே இருக்கும். ஊருக்குள்ள நீங்க குடுக்கற காசுல பெரும்பங்கு நிலத்துக்குத்தான். அதனால "எத்தனை சதுர அடி ஃப்ளாட்"ங்கறத விட "எத்தனை சதுர அடி யூடிஎஸ்"ங்கறதுதான் முக்கியம்னு நான் அடிச்சு சொல்வேன்.

2019 கட்டட விதிப்படி 18.30 மீட்டர் உயரம் வரைக்கும் ஹைரைஸ்ல வராது. முன்னாடி 15.25 மீட்டர்தான், அதான் பழைய பில்டிங் எல்லாம் ஸ்டில்ட் பிளஸ் 4, புதுசு ஸ்டில்ட் பிளஸ் 5. இந்த வகைக்கு எஃப்எஸ்ஐ 2, அதாவது ஒரு கிரவுண்டு மனைல 4800 சதுர அடி கட்டலாம், கார் நிறுத்தற ஸ்டில்ட் இதுல சேராது. காசு கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கினா அதுக்கு மேலயும் கட்டலாம், ரோடு அகலம் 9 மீட்டர்லேர்ந்து 12க்குள்ளன்னா 30 சதவீதம், 12லேர்ந்து 18க்குள்ளன்னா 40, 18 மீட்டரும் அதுக்கு மேலயும்னா 50. ஒன்பது மீட்டருக்கு குறைஞ்ச சந்துல பிரீமியம் கிடையாது. யாராச்சும் இருபதடி சந்துல "பிரீமியம் வாங்கிருக்கோம் சார்"னு சொன்னா சிரிச்சுக்கங்க.

இப்ப கணக்கு. ஒரு கிரவுண்டு, 800 சதுர அடில ஆறு வீடு, மொத்தம் 4800. ஒரு வீட்டுக்கு யூடிஎஸ் 2400ல ஆறுல ஒண்ணு, 400 சதுர அடி. அதே மனைல 30 சதவீதம் பிரீமியம் வாங்கி 6240 கட்டினா, அதே 800 சதுர அடி வீட்டுக்கு யூடிஎஸ் சுமார் 308தான். ஃப்ளாட் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஹால் அதே சைஸ், டைல்ஸ் அதே டைல்ஸ், ஆனா நிலம் 92 சதுர அடி கம்மி. தி.நகர் மாதிரி இடத்துல 92 சதுர அடி நிலம் என்ன விலைன்னு நீங்களே போட்டுக்கங்க. பிரீமியம் வாங்கினது தப்பில்ல, விலைல அது தெரியணும், அவ்ளோதான்.

எல்லா ஃப்ளாட்டோட யூடிஎஸ் லிஸ்ட்டும் கேளுங்க. கூட்டினா மொத்த மனை வரணும். வரலன்னா மிச்சம் யார் கையில இருக்குன்னு கேளுங்க. மேற்கு மாம்பலத்துல நாங்க பாத்த ஒரு இடத்துல கூட்டினா 160 சதுர அடி இடிச்சுது. "அது டெரஸுக்கு சார்"னார் அங்க இருந்த சேல்ஸ் பையன். டெரஸுக்கு எதுக்கு நிலம்? பின்னாடி அனுமதி கிடைச்சா மேல ஒரு மாடி போடறதுக்கு. பத்திரத்துல "மொட்டை மாடி உரிமை பில்டருக்கே"ன்னு ஒரு வரி எங்கயாச்சும் பதுங்கியிருக்கும், அதத் தேடிப் புடிங்க, அடிச்சாத்தான் கையெழுத்துன்னு சொல்லுங்க. அடிக்க மாட்டேன்னாங்க, நாங்க வந்துட்டோம்.

பிளான கையில வச்சுக்கிட்டு சைட்டுக்கு போங்க

அப்ரூவ்டு பிளான் நகல் கேளுங்க. சின்ன பில்டிங்னா மாநகராட்சியே அனுமதி குடுக்கும், பெரிசுன்னா சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்). எது குடுத்தாலும் பிளான்ல சீல், நம்பர், தேதி, எத்தனை மாடி, எத்தனை வீடுன்னு இருக்கும்.

எண்ணிப் பாருங்க, அது போதும், இன்ஜினியரிங் எல்லாம் படிச்சிருக்க வேண்டாம். பிளான்ல ஸ்டில்ட் பிளஸ் 3, நேர்ல நாலாவதா ஒரு "பென்ட்ஹவுஸ்" முளைச்சிருக்கா? பிளான்ல மாடிக்கு ஒரு வீடு, நேர்ல நடுவுல சுவர் வச்சு ரெண்டா? ஸ்டில்ட்ல ஒரு மூலையத் தடுத்து கடையோ ரூமோ போட்டிருக்கா? நாலு பக்கமும் விட வேண்டிய இடத்த டேப் வச்சு அளங்க, பிளான்ல போட்டிருக்கற மீட்டர் நேர்ல இருக்கான்னு. "எல்லாரும் பண்றதுதான் சார், அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்"னு ஒரு பாட்டு பாடுவாங்க. நகர் ஊரமைப்புச் சட்டத்துல 113-ஏ பிரிவு 1999 பிப்ரவரி வரைக்கும் கட்டினதுக்கு, 113-சி 2007 ஜூலைக்கு முன்னாடி கட்டினதுக்கு. நீங்க வாங்கறது இப்ப கட்டறது. சீல் வைக்க வந்தா நோட்டீஸ் ஒட்டறது உங்க கதவுலதான்.

சதுர அடி வித்தை

புரோக்கர் சொல்ற 1180ல நீங்க கால் வைக்கற இடம் எவ்ளோன்னு தெரியணும். மாடிப்படி, லிஃப்ட், காரிடார், மோட்டார் ரூம்னு எல்லாத்தையும் பங்கு போட்டு உங்க தலைல ஏத்தி சொல்றதுதான் அந்த நம்பர். கார்பெட் ஏரியா கேளுங்க, சுவருக்கு உள்ள இருக்கற தரை.

என் தங்கச்சி வீட்டுக்காரர் கருமமே கண்ணானவர், அஞ்சு மீட்டர் ஸ்டீல் டேப்ப பேண்ட் பாக்கெட்லயே வச்சிருப்பார். 1040னு சொன்ன ஒரு ஃப்ளாட்ல ரூம் ரூமா அளந்தார், சேல்ஸ் பையன் கூடவே நின்னு மூக்க உறிஞ்சிக்கிட்டு இருந்தான், ஹால், ரெண்டு பெட்ரூம், கிச்சன், பாத்ரூம் எல்லாம் கூட்டினா 738 வந்துச்சு. நூத்துக்கு 71. சின்ன பில்டிங்ல இது சகஜம்தான், ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன், மாடிக்கு ரெண்டே வீடு இருந்தா படிக்கட்டும் லிஃப்ட்டும் ரெண்டே பேர் தலைலதானே விழும். ஆனா அடுத்த தெருவுல இன்னொருத்தர் 980னு சொன்ன ஃப்ளாட் அளந்தா 741. எது மலிவு? கார்பெட் கணக்குல போட்டாத்தான் தெரியும். அக்ரிமென்ட்லயும் கார்பெட் ஏரியாவ எழுத வைங்க.

பெட்ரூம்ல கட்டில் எங்க போடுவீங்கன்னு அங்கயே நின்னு யோசிங்க. ஆறரை அடி கட்டில், பீரோ கதவு திறக்க இடம், பாத்ரூம் கதவு அதுல முட்டுமா. தூணு ரூம் மூலைல ஒன்பது இன்ச் நீட்டிக்கிட்டு நிக்கும், பிளான் படத்துல அது புள்ளி மாதிரிதான் தெரியும்.

ஜன்னல திறந்து பாருங்க. இன்னைக்கு ஜம்முனு காத்து வருதுன்னா அது பக்கத்துல இருக்கற ஓட்டு வீட்டுப் புண்ணியம். அந்த வீட்டுப் பாட்டி காலம் முடிஞ்சதும் அங்கயும் ஸ்டில்ட் பிளஸ் 5 வரும், உங்க ஜன்னலுக்கு நேரா அவங்க பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் சுத்தும். அதனால பக்கத்து மனைல ஏற்கனவே அபார்ட்மென்ட் வந்த பக்கத்து ஃப்ளாட்டோ, ரோடு பாத்த ஃப்ளாட்டோ எடுங்க, என்ன மாறும்னு தெரியும்.

தண்ணி, ரோடு, கார்

தி.நகர் 1920கள்ல ஏரியத் தூர்த்து உருவாக்கின இடம், மேற்கு மாம்பலத்துல ஏரி இல்ல, லேக் வியூ ரோடுன்னு பேர் மட்டும் இருக்கு. மழை பெஞ்சா தண்ணிக்கு அந்தப் பழைய விலாசம் ஞாபகம் இருக்கும். 2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம், இந்த மூணுலயும் அந்தத் தெருவுல எவ்ளோ நின்னுதுன்னு எதிர்ல இருக்கற இஸ்திரி வண்டிக்காரர்கிட்ட கேளுங்க. பில்டர்கிட்ட கேக்காதீங்க. இஸ்திரிக்காரர் முழங்காலத் தொட்டுக் காட்டுவார், இல்ல இடுப்பத் தொட்டுக் காட்டுவார், அதுக்கு மேல ஆதாரம் வேண்டாம். ஸ்டில்ட் தரை ரோட்ட விட எவ்ளோ உயரம், லிஃப்ட் குழிக்குள்ள தண்ணி இறங்காம என்ன பண்ணிருக்காங்க, சம்ப் மூடி எந்த மட்டத்துல இருக்கு, மெயின் பாக்ஸும் மீட்டரும் எவ்ளோ உயரத்துல இருக்குன்னு பாருங்க. சம்ப் மூடி தரையோட தரையா இருந்தா மழை நாள்ல தெருத் தண்ணி, அதாவது சாக்கடையும் சேந்த தண்ணி, நேரா குடிக்கற தண்ணில இறங்கும். எங்க பில்டிங்ல அப்படித்தான் ஆச்சு, அப்புறம் ஒன்றரை அடி சுவர் எழுப்பி மூடி போட்டோம்.

மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கா, வெறும் போர்தானா, போர்னா எத்தனை அடி, கோடைல உப்பு ஏறுதா. கடலோரமா இருக்கற பக்கம் இது முக்கியம், ஒரு பாட்டில்ல புடிச்சுட்டுப் போய் டெஸ்ட் குடுங்க. மழைநீர் சேகரிப்பு எல்லா கட்டடத்துக்கும் கட்டாயம், பைப் இறங்கறது நிஜமா ஒரு குழிக்குள்ளயா, இல்ல தரையத் தொட்டு நின்னுடுச்சான்னு குனிஞ்சு பாருங்க. மெட்ரோ சுரங்கம் பக்கத்துல போற தெருன்னா மெட்ரோகாரங்க என்ஓசி (தடையில்லாச் சான்று) இருக்கான்னும் கேட்டுக்கங்க.

கார் பார்க்கிங். ஆறு வீட்டுக்கு அஞ்சு இடம்தான் இருக்கும், ஆறாவது தூணுக்குப் பின்னாடி. பிளான்ல உங்க இடத்த பேனால கட்டம் போட்டு நம்பர் எழுதி அக்ரிமென்ட்ல சேக்கச் சொல்லுங்க, அப்புறம் உங்க கார எடுத்துட்டுப் போய் நிறுத்திப் பாருங்க, கதவு திறந்து இறங்க முடியணும். வெறும் வார்த்தைய நம்பி வாங்கினவங்க இன்னைக்கும் காலைல எட்டு மணிக்கு "சார் வண்டியக் கொஞ்சம் எடுக்கறீங்களா"ன்னு மூணாவது மாடிக்கு போன் போட்டுக்கிட்டு இருக்காங்க.

கட்டற சமயத்துல

கட்டிக்கிட்டு இருக்கறப்ப வாங்கினா வாரம் ஒரு தடவை போங்க, சொல்லாம போங்க. மண் பரிசோதனை ரிப்போர்ட் கேளுங்க, ஏரி மண்ணுக்கும் கடல் மணலுக்கும் அஸ்திவாரம் வேற வேற. கான்கிரீட் போட்டப்புறம் தண்ணி விடறாங்களான்னு பாருங்க, குறைஞ்சது ஏழு நாள், பிபிசி சிமென்ட்னா (சாம்பல் கலந்தது) பத்து நாள். தளம் போட்ட மூணாம் நாள் மேல ஏறி காஞ்சு கிடந்துச்சுன்னா மேஸ்திரிகிட்ட சண்டை போடாதீங்க, போட்டோ எடுத்து பில்டருக்கு அனுப்புங்க, எழுத்துல இருக்கட்டும். கான்கிரீட் வலு பாக்கற க்யூப் டெஸ்ட் 7 நாள், 28 நாள் ரிப்போர்ட் ரெண்டும் தரணும். பூசறதுக்கு முன்னாடி பைப், வயர் போற வழிய சுவர் சுவரா போட்டோ எடுத்து வச்சுக்கங்க, பின்னாடி ஆணி அடிக்கறப்ப கைகுடுக்கும்.

காசு தேதி வச்சு குடுக்காதீங்க, கட்டம் வச்சு குடுங்க. அஸ்திவாரம் முடிஞ்சா இவ்ளோ, உங்க மாடி தளம் போட்டா இவ்ளோ, பூச்சு முடிஞ்சா இவ்ளோ. கடைசி அஞ்சு சதவீதமாச்சும் சாவி வாங்கறப்பன்னு புடிச்சு வைங்க. லோன்னா பேங்க்கும் இப்படித்தான் விடும். தாமதமானா மாசம் எவ்ளோ வாடகை தரணும்னு எழுதிக்கங்க, ரேராக்கு வெளிய இருக்கற பில்டிங்னா அந்தப் பேப்பர்தான் உங்க சட்டம். அஞ்சு வருஷக் குறை சரி பண்ணித் தர்ற பொறுப்பையும் அதே மாதிரி அக்ரிமென்ட்லயே எழுதி வாங்குங்க, சின்ன பில்டர்னாலும் நல்லவங்க ஒத்துப்பாங்க.

பதிவுச் செலவு

முன்னாடி யூடிஎஸ்க்கு ஒரு பத்திரம், கட்டறதுக்கு தனி ஒப்பந்தம்னு ரெண்டா போகும். 2023 டிசம்பர்லேர்ந்து புது ஃப்ளாட்டுக்கு நிலமும் கட்டடமும் சேத்த மதிப்புல பதிவு. 50 லட்சம் வரைக்கும் முத்திரைத்தாள் 4, பதிவு 2, மொத்தம் 6 சதவீதம். 50 லட்சத்துலேர்ந்து 3 கோடி வரைக்கும் 7, அதுக்கு மேல 9. பழைய ஃப்ளாட் கை மாறி வாங்கினா 9.

கட்டி முடியறதுக்கு முன்னாடி வாங்கினா ஜிஎஸ்டி 5 சதவீதம். 45 லட்சத்துக்குள்ள, 60 சதுர மீட்டர் கார்பெட்டுக்குள்ள இருந்தா 1 சதவீதம்தான், ஊர் நடுவுல அந்த விலைக்கு ஃப்ளாட் கிடைச்சா எனக்கும் ஒரு போன் போடுங்க. கட்டி முடிச்சு, கம்ப்ளீஷன் சர்டிபிகேட் தேவைப்படற பில்டிங்ல அது வந்த அப்புறம் வாங்கினா ஜிஎஸ்டி கிடையாது. விலை 50 லட்சமோ மேலயோன்னா விக்கறவருக்கு குடுக்கற காசுல 1 சதவீதம் டிடிஎஸ் புடிச்சு கட்ட வேண்டியது நீங்கதான், இத மறந்துட்டு அப்புறம் நோட்டீஸ் வந்து வட்டியோட கட்டினவங்க எனக்கே ரெண்டு பேர் தெரியும்.

பழைய ஃப்ளாட் பாக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை

1980கள்ல கட்டின எட்டு வீட்டு, பன்னண்டு வீட்டு அபார்ட்மென்ட் ஊருக்குள்ள நிறைய இருக்கு, லிஃப்ட் இல்ல, தளத்துல கம்பி தெரியும், ஆனா யூடிஎஸ் தாராளமா இருக்கும். முன்னாடி ஒருத்தர் முரண்டு புடிச்சாலும் மறுபடி இடிச்சுக் கட்ட முடியாது. புது அபார்ட்மென்ட் உரிமைச் சட்டம் 2022ல போட்டு 2024ல நடைமுறைக்கு வந்துச்சு, அதுல மூணுல ரெண்டு பங்கு உரிமையாளர் ஒத்துக்கிட்டா போதும். அதனால 500 சதுர அடி யூடிஎஸ் இருக்கற பழைய 750 சதுர அடி ஃப்ளாட்டு, 300 யூடிஎஸ் இருக்கற பளபளா புதுசு ரெண்டும் ஒரே விலைல வந்தா நான் பழசத்தான் எடுப்பேன், கூட இருக்கறவங்க யார் யார்னு விசாரிச்சுட்டு. வீட்டுல உங்க மனைவியோ கணவரோ ஒத்துக்க மாட்டாங்க, அது வேற விஷயம்.

சாவி வாங்கற அன்னைக்கு

ஒரு பக்கெட், ஒரு போன் சார்ஜர், ஒரு கோலிக்குண்டு எடுத்துட்டுப் போங்க. பாத்ரூம் தரைல பக்கெட் தண்ணிய ஊத்துங்க, எல்லாம் ஓட்டைக்குப் போகணும், மூலைல தேங்கக்கூடாது. சார்ஜர ஒவ்வொரு பிளக்லயும் சொருகுங்க. கோலிக்குண்ட பால்கனில விடுங்க, அது ஹாலுக்குள்ள உருண்டு வந்துச்சுன்னா மழைத் தண்ணியும் வரும். லிஃப்ட் லைசென்ஸ் நகல், மோட்டார் வாரண்டி கார்டு, கட்டட ஸ்ட்ரக்சுரல் டிராயிங், இதெல்லாம் அப்பவே வாங்குங்க, ஆறு மாசம் கழிச்சு அந்த ஆபீஸ் வேற சைட்டுக்கு மாறிடும்.

அப்புறம் ஈபி மீட்டர் உங்க பேருக்கு, சொத்து வரி உங்க பேருக்கு, மெட்ரோ வாட்டர் உங்க பேருக்கு. சங்கத்த உடனே பதிவு பண்ணுங்க, ஆறு பேர்தானேன்னு விடாதீங்க. ஆறு வீடுங்கறதால லிஃப்ட் ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்), வாட்ச்மேன் சம்பளம், பொது கரண்ட் எல்லாம் ஆறாத்தான் பிரியும், பெரிய டவர்ல நூறா பிரியறது. எங்க பில்டிங்ல முதல் கூட்டம் ஸ்டில்ட்ல பிளாஸ்டிக் சேர் போட்டு நடந்துச்சு, மொத்தம் ரெண்டு மணி நேரம், அதுல ஒன்றே முக்கால் மணி நேரம் துணி காயப்போட மொட்டை மாடில யாருக்கு எந்தக் கொடிங்கறதுக்கே போச்சு.